இரு கண்ணும் ஒரு காட்சியும்

கண் இரண்டு, காட்சி ஒன்று. இதில் வியப்பதற்கு என்ன உண்டு என்று மனிதகுலம் நெடுங்காலம் வாளாவிருந்தது. சுட்டுவிரலை மூக்கிற்கு நேரே ஒரு சாண் தொலைவில் நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்க்கும் மாணவன் அவ்விரல் இடமும் வலமும் தாவுவதைக் காண்பான். இரு கண்ணும் இருவேறு படங்களையே வாங்குகின்றன என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை. கிரேக்க நாட்டு யூக்ளிட் இதை ஓரளவு அறிந்திருந்தார். இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சி, ஓர் ஓவியம் எத்துணைத் திறமாகத் தீட்டப்பெற்றாலும் மெய்ப்பொருளைப் போலத் திரண்டு தோன்றாமைக்கு இரு கண்களே காரணம் என்பதை நெருங்கி வந்தார். எனினும், வேறுபட்ட அவ்விரு படங்களும் உள்ளத்தே ஒன்றுபடுவதனாலேயே பொருளின் திண்மை புலனாகின்றது என்று கூறி, அதனைச் செய்து காட்டுவதற்கு ஒரு கருவியும் அமைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தோன்றினார்.

அக்கருவியின் பெயர் ஸ்டீரியோஸ்கோப். திண்மை என்றும் பார்வை என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. தமிழில் இதனைக் 'கனவுருக் காட்டி' என்று ஒருவர் பெயர்த்தால், அச்சொல்லைப் பிரிப்பதில் மாணவர்க்குச் சிக்கல் நேரும். கனம், உரு என்று பிரித்தால் திரண்ட வடிவம். கனவு, உரு என்று பிரித்தால் கனவில் தோன்றும் வடிவம். புணர்ச்சி விதி இரண்டிற்கும் இடந்தரும். அக்கருவியின் ஐம்பதாண்டு வரலாறும் இவ்விரு பிரிப்புகளுக்கும் இடந்தந்தே நடந்திருக்கின்றது.

முதலில் அமைத்தவர் சார்ல்ஸ் வீட்ஸ்டன். 1802ஆம் ஆண்டில் பிறந்த இவர் இசைக்கருவி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். கன்சர்ட்டினா என்னும் துருத்தி இசைக்கருவி இவரது ஆக்கமே. மின்தந்தியை உருவாக்கியோருள் ஒருவராகவும் அறியப்படுகின்றவர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்தும், அவைமுன் நின்று பேசுதற்குக் கூசியவர். இவருடைய ஆய்வுகளுட் சிலவற்றை இவருக்காக மைக்கேல் பாரடேயே அவையில் எடுத்துரைக்க நேர்ந்தது. இத்தகைய கூச்சமுடையவர் 1838ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டன் ராயல் சொசைட்டியில் அளித்த கட்டுரையில்தான் ஸ்டீரியோஸ்கோப் முதன்முதல் விரித்துரைக்கப்பட்டது.

அக்கருவியின் அமைப்பு மிக வெளிப்படையானது. நடுவே இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடிகள் முதுகோடு முதுகு சாய்ந்து செங்கோணமாக நிற்கும். அக்கோணத்தின் முனையைத் தன் மூக்கிற்கு நேரே வைத்துக்கொண்டு பார்ப்பவர் அமர்வார். அவருடைய வலப்பக்கத்தே ஒரு பலகை, இடப்பக்கத்தே ஒரு பலகை. ஒவ்வொன்றிலும் ஓர் ஓவியம். வலக்கண் வலக்கண்ணாடியில் வலப்பலகையின் ஓவியத்தையும், இடக்கண் இடக்கண்ணாடியில் மற்றதையும் காணும். ஒரு முனை வலஞ்சுழியாகவும் மறுமுனை இடஞ்சுழியாகவும் கடைந்த திருகு ஒன்றைத் திருப்பினால், இரு பலகைகளும் ஒரே அளவில் நெருங்கும் அல்லது விலகும். இசைக்கருவி செய்வோரின் கைத்திறன் இத்திருகிலே தெரிகின்றது.

பலகைகளில் இருந்தவை வண்ண ஓவியங்கள் அல்ல, ஒளிப்படங்களும் அல்ல. ஒளிப்படக்கலை உலகறிய வெளிப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு, 1839இல். வீட்ஸ்டன் பயன்படுத்தியவை வெறுங்கோடுகளால் வரைந்த கனசதுரம், கூம்பு, கூர்நுனி வெட்டப்பட்ட பிரமிடு முதலியன. நிழலும் ஒளியும் தீட்டினால், திண்மை அவற்றால் விளைந்தது என்று யாரேனும் மறுத்துவிடக்கூடும். ஆகவே, தீட்டுவதற்குரிய யாவற்றையும் அவர் வேண்டுமென்றே களைந்தார். எஞ்சியது இரு கோட்டுருவங்களின் சிறு வேற்றுமை ஒன்றே. அவ்வேற்றுமையிலிருந்து தாளினின்றும் புடைத்தெழும் ஒரு வடிவம் தோன்றியபோது, அதற்குக் காரணம் வேறொன்றும் இருக்க வழியில்லை. ஓர் ஆய்வின் அழகு அதில் சேர்ப்பனவற்றால் அன்றி நீக்குவனவற்றால் அமைவது என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

வீட்ஸ்டனின் கருவியை நூல்கள் பலவும் 'பருமனானது, கையாளுதற்கு அரியது, பின்வந்தோரால் திருத்தப்பட்டது' என்று ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. பருமனானது என்பது உண்மை. திருத்தப்பட்டது என்பதோ ஆராயத்தக்கது. அதன் பலகைகள் இருபுறமும் தனித்து நிற்பதனால் எத்துணைப் பெரிய படத்தையும் அவற்றில் வைக்கலாம். 1852ஆம் ஆண்டில் வீட்ஸ்டன் அமைத்த மற்றொரு வடிவில் கருவியின் கைகள் அசையும்; கண்கள் உள்நோக்கித் திரும்பும் கோணத்தைத் தனியாகவும், படத்தின் தொலைவைத் தனியாகவும் மாற்றிப் பார்க்கலாம். ஒரு பொருள் பெரிதாகவோ சிறிதாகவோ தோன்றுவது எதனால் என்ற வினாவிற்கு அதனால் விடை தேட முடிந்தது. பின்வந்த பெட்டிகளுள் எதனாலும் இயலாத செயல் இது. 1898ஆம் ஆண்டில் எக்ஸ்-கதிர் இரட்டைப் படங்களைக் காண மருத்துவர் மெக்கன்சி டேவிட்சன் நாடியது பெட்டியை அன்று. அறுபதாண்டுப் பழமையுடைய இக்கண்ணாடிக் கருவியின் அமைப்பையே.

இரண்டாமவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் புரூஸ்டர். ஒளியியலில் பெரும்புலமை உடையவர். கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்து 1817இல் உரிமமும் பெற்றவர். ஆனால் ஊரெங்கும் போலிகள் பெருகியமையால் அதன் ஊதியத்தை இழந்தவர். தமக்குரியதைப் பிறர் கொண்டு போவதன் துயரை நன்கறிந்த இவர், பிறிதொருவர்க்குரியதைப் பற்றி எழுதும்போது அத்துயரை மறந்தது வியப்பே.

1849இல் இவர் விரித்துரைத்த கருவி கண்ணாடிகளை நீக்கி வில்லைகளைக் கொண்டது. வட்டமான ஒரு வில்லையை நடுவே இரண்டாக அறுத்து, மெல்லிய விளிம்புகள் மூக்கின் பக்கமாகவும் தடித்த பகுதிகள் வெளிப்பக்கமாகவும் அமையுமாறு இரு கண்களுக்கும் பொருத்தினார். ஏன் இப்படி? மனிதக் கண்களின் இடைவெளி ஏறத்தாழ 2½ அங்குலம். அட்டையில் பக்கம் பக்கமாக ஒட்டும் படங்களை அதனினும் அகலமாக வைத்தால், அவற்றின் நடுப்புள்ளிகள் கண்களின் நேரைவிட விலகிப்போகும். அரைவில்லை ஒரே நேரத்தில் இரு வேலை செய்கின்றது. பட்டகம்போல் ஒளியை வளைத்து, விலகிய படங்களை நடுவில் கொண்டுவந்து சேர்க்கின்றது; உருப்பெருக்கியாகவும் நின்று சிறு படத்தைப் பெரிதாக்குகின்றது. ஒரே வில்லையின் இரு பாதிகள் ஆதலால் இரண்டின் ஆற்றலும் ஒத்திருக்கும். அறிவுக்கூர்மை மிக்க அமைப்பு இது என்பதில் ஐயமில்லை.

டண்டீ நகரத்துக் கண்ணாடிக் கலைஞர் ஜார்ஜ் லௌடன் இதனைச் செய்து கொடுத்தார். பிரிட்டனில் ஆதரவு போதாமையால் புரூஸ்டர் 1850இல் பாரிசுக்கு எடுத்துச் சென்றார். அங்கே மொவாஞோ பாதிரியாரின் வாயிலாக ஜூல் டுபோஸ்க் என்னும் கருவியாளர் அதனை ஏற்றார். 1851இல் இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் டுபோஸ்க்கின் கருவி வைக்கப்பட்டது. விக்டோரியா அரசியார் அதனை விரும்பி நோக்கினார். அரசியார் நோக்கியதை ஊரார் நோக்காதிருப்பரோ? 1854இல் தொடங்கிய லண்டன் ஸ்டீரியோஸ்கோபிக் நிறுவனம், ஸ்டீரியோஸ்கோப் இல்லாத வீடே இருத்தலாகாது என்று முழங்கியது. 1858இல் அதன் பட்டியலில் ஒரு லட்சம் காட்சிகள் இருந்தன.

இவ்வெற்றிக்கு வில்லை மட்டும் காரணமன்று. பெட்டியின் வடிவமும் காரணமாகும். கண்பக்கம் குறுகியும் படத்தின்பக்கம் அகன்றும் இருக்கும் அப்பெட்டியின் மேல்மூடியில் ஒரு கதவு. அதன் உட்புறம் ஒளியைத் திருப்பும் பூச்சு. பெட்டியின் பின்புறத்தே தேய்த்த கண்ணாடி. கதவைத் திறந்தால் ஒளி மேலிருந்து படத்தின்மேல் விழும்; மூடிவிட்டு விளக்கின்முன் பிடித்தால் ஒளி பின்னிருந்து படத்தினூடே வரும். இவ்விரு வழிகளையும் பாரிஸ் நகரத்துக் கலைஞர் நன்கு பயன்கொண்டனர். மெல்லிய தாளில் படத்தை அச்சிட்டுப் பின்புறம் வண்ணம் பூசி, விளக்குகள் உள்ள இடங்களில் ஊசியால் நுண்ணிய துளையும் இட்டனர். கதவு திறந்திருக்கும்போது வண்ணமற்ற பகற்காட்சி. மூடியதும் அதே மாளிகை இரவாகும், விளக்குகள் எரியும், சீமாட்டியரின் ஆடைகள் சிவக்கும். 1860களில் வந்த 'டியாபிளரி' என்னும் தொடரில் களிமண்ணால் செய்த எலும்புக்கூடுகள் நரகத்தில் விருந்துண்டு ஆடும். ஒளி மாறியதும் அவற்றின் கண்கள் செந்நெருப்பாகச் சுடர்விடும். மூன்றாம் நெப்போலியனின் ஆடம்பர ஆட்சி அவற்றில் எள்ளப்பட்டது. தணிக்கைக்கு அஞ்சிய காலத்தில், மூடிய பெட்டிக்குள் ஒருவர் தனியே கண்டு நகைக்கும் அங்கதம்!

ஆயினும் அப்பெட்டி பார்ப்பவரை அறியாதது. வில்லைக்கும் படத்திற்கும் உள்ள தொலைவு பெரும்பாலும் நிலையானது. கிட்டப்பார்வையருக்கும் முதியோருக்கும் ஒரே அளவு. கண்குழலை இழுத்து நீட்டும் வகைகள் வந்தன, விலையும் உயர்ந்தது. உட்புறம் இருண்டமையால் தாளில் ஒட்டிய படங்கள் மங்கின. பிரெஞ்சுக் கவிஞர் பொதலேர் 1859இல் எழுதிய கலைத் திறனாய்வில், அத்துளைகளின்மேல் பசித்த கண்களோடு குனிந்து கிடந்த கூட்டத்தைக் கடிந்தார். அவர் வெறுத்தது ஒளிப்பட மோகத்தை எனினும், துளை, குனிதல், மறைவு ஆகிய மூன்றும் பெட்டியின் வடிவம் மனிதர்மேல் திணித்த நடத்தை என்பதை அவர் கண் தவறவிடவில்லை.

புரூஸ்டர் 1856இல் ஸ்டீரியோஸ்கோப்பின் வரலாறு, கொள்கை, அமைப்பு ஆகியவை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வில்லையின் அமைப்பையும் கருவியின் பயன்களையும் விளக்கும் பகுதிகள் இன்றும் படிக்கத்தக்கன. வரலாறு கூறும் பகுதியோ வழக்குரைஞரின் எழுத்து. யூக்ளிட், கேலன், போர்ட்டா என்று பழையோரை வரிசையாக நிறுத்தி, இவர்கள் யாவரும் அறிந்ததையே வீட்ஸ்டன் கூறினார் என்று காட்டுவது அதன் நோக்கம். எடின்பரோவில் கணிதம் கற்பித்த ஜேம்ஸ் எலியட் என்பார் 1834இல் எண்ணி 1839இல் செய்த ஒரு பெட்டியும் சான்றாக வருகின்றது. அப்பெட்டியில் வில்லையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. தனியே சிந்தித்து வந்த அந்த ஆசிரியரின் முயற்சி மதிக்கத்தக்கது. ஆயினும் வீட்ஸ்டனின் ஆய்வு பற்றிய குறிப்பு ஹெர்பர்ட் மேயோவின் உடலியல் நூலில் 1833ஆம் ஆண்டிலேயே அச்சாகியிருந்தது. 1832இலேயே அவருக்குக் கருவி செய்து தந்ததாகக் கண்ணாடிக் கலைஞர் ஒருவரும் சான்றளித்தார். அவ்வாண்டு 'தி டைம்ஸ்' நாளேட்டில் இருவர்க்கும் நிகழ்ந்த கடிதப் போரில் ஆண்டுக் கணக்கு வீட்ஸ்டனின் பக்கமே நின்றது.

அத்தோடு நின்றிருந்தால் முதுமையின் பிடிவாதம் என்று விட்டுவிடலாம். பிரான்சின் லீல் நகரத்து அருங்காட்சியகத்தில் இத்தாலிய ஓவியர் ஜேக்கப்போ கிமெந்தி வரைந்த இரு படங்கள் அருகருகே இருந்தன. கவராயம் ஏந்தி அமர்ந்திருக்கும் ஓர் இளைஞனே இரண்டிலும். 1859இல் அவற்றைக் கண்டு வந்த ஒருவர் எழுதியதை வைத்து, ஸ்டீரியோஸ்கோப் வீட்ஸ்டனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்று புரூஸ்டர் வாதாடினார். அப்போது அவர் அப்படங்களைக் கண்டதுமில்லை. பின்வந்தோர் அளந்து பார்த்தபோது, சில பகுதிகள் புடைத்தும் சில பகுதிகள் குழிந்தும் தோன்றுவதை அறிந்தனர். இருவேறு கண்களுக்கென வரைந்தால் வேற்றுமையில் ஓர் ஒழுங்கு இருத்தல் வேண்டும். அங்கு இருந்ததோ, படி எடுக்கும் கை நழுவியதால் நேரும் ஒழுங்கின்மை. பழமையைக் காட்டிப் புதுமையை மறுக்கும் இவ்வழக்கு ஸ்காட்லாந்தில் மட்டும் உள்ளதன்று. எல்லாம் எம் முன்னோர் அறிந்தனவே என்று சான்றின்றி முழங்கும் மேடைகளைக் கேட்டுப் பழகிய செவிகளுக்குப் புரூஸ்டரின் நூல் புதியதாகத் தோன்றாது.

அமெரிக்காவில் வேறு சில வடிவங்கள் தோன்றின. பிலடெல்பியாவின் மாஷர் என்பார் 1853இல் உரிமம் பெற்ற அமைப்பு இனியது. உருவப்படம் வைக்கும் சிறு தோல்பேழையின் மூடியிலேயே இரு வில்லைகள். திறந்து நிமிர்த்தினால் உள்ளிருக்கும் உறவினரின் இரட்டைப் படம் உயிர்பெற்று நிற்கும். மூடினால் சட்டைப்பையில் அடங்கும். நியூயார்க்கின் பெக்கர்ஸ் 1857இல் கொணர்ந்த அலமாரிக் கருவியோ குமிழைத் திருகத் திருகப் படங்களைச் சங்கிலியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருவது. அழகிய மரப்பொருள், கூடத்தின் ஒரு மூலையை அடைத்துக்கொள்வது.

ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் மருத்துவர். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தவர். கட்டுரையாளராகவும் கவிஞராகவும் புகழ்பெற்றவர். 1861ஆம் ஆண்டளவில் தம் கையாலேயே அவர் அமைத்த கருவி பெட்டியே இல்லாத ஸ்டீரியோஸ்கோப். நெற்றியோடு பொருந்தி வெளிச்சத்தை மறைக்கும் ஒரு மறைப்பு, இரு வில்லைகள், அவற்றின் நடுவே ஒரு தடுப்பு, முன்னோக்கி நீளும் ஒரு சட்டம், அடியில் ஒரு கைப்பிடி. இவ்வளவே. படம் திறந்த வெளியில், சன்னலின் முழு ஒளியில் நிற்கும். பாஸ்டன் வணிகர் ஜோசப் பேட்ஸ் அதனைச் செய்து விற்றதோடு, படத்தாங்கியைச் சட்டத்தின்மேல் முன்னும் பின்னும் நகருமாறும் திருத்தினார். அந்நகர்வு ஒன்றே புரூஸ்டரின் பெட்டி தீர்க்காத குறையைத் தீர்த்தது. கிட்டப்பார்வையுடையவர் அருகே இழுத்துக்கொள்வார். முதியவர் தள்ளி வைத்துக்கொள்வார். கருவி பார்ப்பவருக்கு இணங்கியது.

ஹோம்ஸ் இதற்கு உரிமம் கோரவில்லை. வேண்டுவோர் செய்துகொள்க என்று விட்டுவிட்டார். அதனால் விலை தாழ்ந்தது, வடிவம் நிலைத்தது. அண்டர்வுட் அண்டு அண்டர்வுட், கீஸ்டோன் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் பின்னாளில் நிலப்படங்களோடும் விளக்க நூல்களோடும் பள்ளிகளுக்கு அனுப்பிய கருவி ஏறக்குறைய இதுவே. அண்டர்வுட்டிற்காக இந்தியாவையும் சீனாவையும் படம் எடுத்த ஜேம்ஸ் ரிக்கல்டன் நெடுங்காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஒளி ஊடுருவும் படங்களின் இரவு மாயத்தை மட்டும் இத்திறந்த கருவி இழந்தது. அஃது ஓர் இழப்பே.

1990இல் வெளிவந்த தம் நூலில் அமெரிக்க அறிஞர் ஜானத்தன் கிரேரி, வீட்ஸ்டனின் கருவியில் பார்ப்பவர் காணும் வடிவம் வேறு, அதற்குக் காரணமான இரு படங்கள் வேறு என்பது மறைவின்றித் தெரிகின்றது என்றும், பின்வந்த வடிவங்கள் எதிரே ஏதோ ஒன்று மெய்யாகவே இருப்பதுபோன்ற நம்பிக்கைக்கு இடந்தந்தன என்றும் எழுதினார். பெட்டிக்கு இக்கூற்று முற்றும் பொருந்தும். ஹோம்சின் கருவிக்குப் பாதியே பொருந்தும். அதில் அட்டையும் அதன் இரு படங்களும் கண்முன் வெளிப்படையாக நிற்கின்றன. முகத்தைச் சற்று விலக்கினால் மாயம் கலைகின்றது. எவரையும் ஏமாற்றும் கருவி அன்று அது. மயக்கம் கருவியில் இல்லை. அதனைப் பற்றி ஹோம்ஸ் எழுதிய எழுத்தில் இருந்தது.

1859ஆம் ஆண்டு ஜூன் மாத 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் ஹோம்ஸ் எழுதிய கட்டுரை இத்துறையில் தலைசிறந்த உரைநடை என்று போற்றப்படுவது. இரட்டைப் படங்களுக்குப் பெயரிட்டும், நூல்களுக்குப்போல் அவற்றிற்கும் நூலகங்கள் வேண்டும் என்று கோரியும் அவர் தொலைநோக்கோடு எழுதினார். அதன் உச்சியில் ஒரு துணிபு நிற்கின்றது: இனி வடிவம் பொருளினின்றும் பிரிந்துவிட்டது, ஒரு பொருளைப் பல கோணங்களில் படமெடுத்தபின் அப்பொருள் தேவையில்லை, வேண்டுமாயின் இடித்துவிடலாம், எரித்துவிடலாம் என்பது அது. நகைச்சுவையாகவே சொன்னார் என்று சிலர் அமைதி கூறுவர். நகைச்சுவைதான், ஆனால் கட்டுரையின் வாதம் முழுவதும் அதன்மேல் நிற்கின்றது.

அக்கட்டுரை வெளிவருவதற்கு முந்திய ஆண்டு, 1858இல், சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக் கலைஞரான லின்னேயஸ் டிரைப் மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் இரட்டைப் படங்களும் எடுத்தார். தூண் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே செல்லும் மண்டபங்கள் இக்கருவிக்கென்றே அமைந்தவை போன்றவை. ஆயினும் அம்மண்டபத்தை அறிந்தவர்க்கு, பாதத்தில் படும் கல்லின் குளிர்ச்சியும், எண்ணெய் விளக்கின் மணமும், எங்கோ ஒலிக்கும் மணியோசையும் இன்றி அது மண்டபமாகாது. வடிவம் கிடைத்துவிட்டது, இனிக் கல் எதற்கு என்று கேட்க அவர்க்கு நா எழாது.

ஹோம்சுக்கு விடை கூறியவரும் ஹோம்ஸே. 1862ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் அண்டீட்டம் என்னுமிடத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கொடிய சண்டை நிகழ்ந்தது. படைத்தலைவனாக இருந்த அவருடைய மகன் கழுத்தில் குண்டடி பட்டான். தந்திச் செய்தி கண்ட தந்தை மகனைத் தேடிப் புறப்பட்டார். வழியில் அப்போர்க்களத்தின்மேலும் நடந்தார். புதைகுழிகளையும் சிதறிக் கிடந்த உடைமைகளையும் கண்டார். மகன் உயிரோடு கிடைத்தான். அலெக்சாண்டர் காட்னர் அதே களத்தில் எடுத்த படங்களுள் பெரும்பாலானவை இரட்டைப் படங்களே. அவை நியூயார்க்கில் பிரேடியின் கூடத்தில் வைக்கப்பட்டன, அட்டைகளாக விற்கப்பட்டன. அப்படத்தொகுதி ஒன்று ஹோம்சின் கைக்கும் வந்தது.

1863ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதே இதழில் அவர் மீண்டும் எழுதினார். ஒளிப்படத் தொழிலின் நுட்பங்களை வழக்கமான எக்களிப்போடு விளக்கிச் செல்லும் அக்கட்டுரை, போர்க்களப் படங்களை அடைந்ததும் குரல் மாறுகின்றது. அவற்றைக் காண்பது அக்களத்திற்கே மீண்டும் செல்வதுபோல் இருந்தது என்றும், அன்று எழுந்த உணர்ச்சிகள் யாவும் திரும்பி வந்தன என்றும் எழுதுகிறார். பொருளினின்றும் பிரிந்த வடிவம் என்று நான்காண்டுகளுக்குமுன் கூறியவர், அவ்வடிவங்களைக் கையில் வைத்திருக்க இயலாதவரானார். சிதைந்த உடல்களை மண்ணில் புதைப்பதுபோல் அப்படங்களைத் தம் அலமாரியின் ஆழத்தில் புதைத்துவிட்டதாகக் கூறுகிறார்.

அவ்வாண்டில் அவர் எழுதிய மற்றொரு கட்டுரை மனிதர் நடக்கும் முறையைப் பற்றியது. தெருவில் நடப்போரின் கால்கள் இயக்கத்தின் நடுவே உறைந்து நிற்கும் இரட்டைப் படங்களைத் தம் கருவியில் வைத்து, குதிகால் எப்போது மண்ணைத் தொடுகின்றது, முழங்கால் எவ்வளவு மடங்குகின்றது என்று அவர் குறித்துக்கொண்டார். போரில் கால் இழந்து திரும்பிய வீரர்களுக்குச் செயற்கைக் கால் செய்வோர்க்கு அக்குறிப்புகள் பயன்படவேண்டும் என்பது அவர் கருத்து.